ராலேயின் கணக்கும் பெனாரின் மெழுகும்

சென்ற வாரம் ஒயின் கோப்பையின் உட்சுவரில் ஏறி இறங்கும் துளிகளைப் பார்த்தோம். பரப்பு இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குத் திரவம் இழுபடும் என்று ஜேம்ஸ் தாம்சன் 1855-இல் சொன்னதுதான் அதற்கு விளக்கம். அங்கே வேறுபாட்டை உண்டாக்கியது ஆல்கஹால். சூடும் அதே வேலையைச் செய்யும். 20 டிகிரியில் மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டனாக இருக்கும் தண்ணீரின் பரப்பு இழுவிசை, 100 டிகிரியில் 59-க்கு இறங்கிவிடுகிறது. இந்த இறக்கத்தை யாரும் கணக்கில் சேர்க்காததால், ஒரு புகழ்பெற்ற சோதனைக்குத் தவறான விடை நாற்பது ஆண்டுகள் நிலைத்தது.

பாரிஸ், 1900. ஆய்வு மாணவர் ஹென்றி பெனார், திமிங்கலத் தலையிலிருந்து எடுக்கும் மெழுகை உருக்கி, நீராவியால் சூடேற்றிய உலோகத் தட்டில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பினார். மெழுகு முழுவதும் அறுகோண அறைகளாகப் பிரிந்தது. ஒவ்வோர் அறையின் நடுவிலும் சூடான மெழுகு ஏறியது, ஓரங்களில் இறங்கியது.

1916-இல் ராலே பிரபு இதற்குக் கணக்குப் போட்டார். அடியில் சூடானது லேசாகி ஏறும், மேலே ஆறியது கனத்து இறங்கும்; வெப்ப வேறுபாடு ஓர் அளவைத் தாண்டினால் ஓட்டம் தொடங்கும். அருமையான கணக்கு, இன்றும் செல்லும். பெனாரின் மெழுகுக்குத்தான் செல்லாது. அந்தக் கணக்கு கேட்ட வெப்ப வேறுபாட்டில் மிகச் சிறு பங்குதான் அந்த மெல்லிய படலத்தில் இருந்தது. போதாததற்கு, ஏறும் இடத்தில் மேற்பரப்பு மேடாகியிருக்க வேண்டும். பெனார் கண்டதோ பள்ளம். அவரே எழுதிவைத்த தடயம் இது. ராலேயின் பெயருக்கு முன்னால் அது நெடுநாள் எடுபடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1956-இல் மைரன் பிளாக் இத்தகைய படலத்தின் மேற்பரப்பைச் சிலிக்கோனால் மூடினார். அடியில் சூடு அப்படியே இருக்க, ஓட்டம் நின்றுபோனது! இரண்டு ஆண்டுகளில் பியர்சன் என்பவர் பரப்பு இழுவிசையை வைத்துக் கணக்கையும் முடித்தார். காயும் பெயிண்டிலும் இத்தகைய அறைகள் தோன்றும். பூசிய முகத்தைத் தரையை நோக்கித் திருப்பினாலும் தோன்றும் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். தலைகீழாகத் தொங்கும் பெயிண்டில் லேசானது மேலேறும் கதை எப்படிச் செல்லும்?

நடப்பது இதுதான். மேற்பரப்பில் ஏதோ ஓர் இடம் அக்கம்பக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடாகிறது. கயிறிழுப்பில் ஓர் அணி கை தளர்ந்ததுபோல அங்கே இழுவிசை குறைய, ஆறிய பக்கம் மேற்பரப்பைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. நடுவில் பள்ளம் விழுகிறது. அதை ஈடுகட்ட அடியிலிருந்து சூடான திரவம் ஏறுகிறது. ஏறுவதால் அந்த இடம் ஆறவே வழியில்லை.

வெப்ப வேறுபாடு மாறாமல் படலத்தின் கனம் பாதியானால், ஓட்டம் தொடங்குமா என்று சொல்லும் ராலேயின் எண் எட்டில் ஒரு பங்காகிவிடும். பியர்சனின் எண், அதாவது இன்று மரங்கோனி எண் எனப்படுவது, பாதியாக மட்டுமே குறையும். குண்டான் நிறையக் கொதிக்கவைக்கும் தண்ணீருக்கு ராலே போதும். மில்லிமீட்டர் படலத்தில் மேற்பரப்பு வைத்ததுதான் சட்டம்.

அப்பல்லோ 14 (1971), அப்பல்லோ 17 (1972) நிலவுப் பயணங்களில் விண்வெளி வீரர்கள் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைச் சூடாக்கிப் பார்த்தார்கள். எடை என்ற ஒன்றே ஏறக்குறைய இல்லாத அங்கேயும் அறைகள் தோன்றின.