இசைத்தட்டுக்கும் ஏற்ற லோடு வேண்டும்



லோடு என்றவுடன் நமக்கு லாரியும் மூட்டையும்தான் நினைவுக்கு வரும். இசைத்தட்டு கேட்பவர்களிடமும் இதே சொல் புழங்குகிறது. கடைப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பரணில் கிடந்த தட்டுகளைத் துடைத்து மீண்டும் கேட்கத் தொடங்கிய நண்பர்கள் சிலர், "பாட்டு கீச்சென்று கேட்கிறது, தட்டு தேய்ந்துவிட்டது" என்கிறார்கள். தட்டுகளை எடைக்குப் போடுமுன் ஒரு சிறு பொருளைக் கவனிக்க வேண்டும். அதுதான் லோடு ரெசிஸ்டர்.

ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றுவது கார்ட்ரிட்ஜ். அந்தச் சிறிய மின்சாரத்தைப் பெருக்குவது ஃபோனோ ஸ்டேஜ். அதன் நுழைவாயிலில் இருக்கும் மின்தடைதான் லோடு.

கார்ட்ரிட்ஜில் இரு முக்கிய ரகங்கள் உண்டு. காந்தம் அசையும் எம்.எம். ரகத்துக்குப் பொதுவாக 47,000 ஓம் லோடு. இதில் ஒயரின் மின்தேக்கும் தன்மையையும் பார்க்க வேண்டும். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு 150 முதல் 300 பிக்கோஃபாரட் வரை என்று குறித்திருக்கிறார்கள். நீளமான ஒயர் போட்டு இந்த அளவு மீறினால் உச்ச ஒலியின் சமநிலை கெட்டுவிடும்.

சுருள் அசையும் எம்.சி. ரகம் வேறு. டெனான் டி.எல்.103-ன் உள்தடை 40 ஓம். அது தருவது 0.3 மில்லிவோல்ட் மட்டுமே. இதற்கு 100 ஓம் லோடு கொடுத்தால் சுமார் 71 சதவீதம் ஃபோனோ ஸ்டேஜுக்குப் போய்ச் சேரும். 400 ஓம் என்றால் 91 சதவீதம். 40 ஓம் மட்டும் கொடுத்தால் சரிபாதி நஷ்டம். ஆகவே உள்தடையைப் போல் பத்து மடங்கில் தொடங்கி, காதுக்கு இதமாக இருக்கும்வரை குறைத்துப் பார்ப்பது நல்லது.

47,000 ஓம் உள்ள நுழைவாயிலில், ஒயரின் நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் இடையே 100 ஓம் ரெசிஸ்டரை இணைத்தால், மொத்தம் ஏறக்குறைய அதே 100 ஓம்தான் வரும். இடம், வலம் இரண்டுக்கும் ஒரே அளவு வேண்டும். கால் வாட், ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரகம் கேளுங்கள். 100 ஓம் என்றால் பழுப்பு, கருப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு என ஐந்து கோடுகள் இருக்கும். மூட்டையின் மார்க் பார்த்து வாங்கும் நமக்கு இது சிரமமல்ல. மீட்டரால் ரெசிஸ்டரை மட்டும் அளந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜில் மீட்டரை வைக்காதீர்கள், மெல்லிய சுருள் கெட்டுவிடலாம். இணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்கட்டும்.

பழைய பெட்டி பிளேயர்களில் இருந்த செராமிக் ரகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குச் சுமார் 10 லட்சம் ஓம் வேண்டும்.

சில ரூபாயில் முடியும் காரியத்துக்குப் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொல்பவர்களும் உண்டு. கார்ட்ரிட்ஜுடன் வந்த குறிப்புத்தாளைப் படித்துவிட்டுப் பணப்பையைத் திறங்கள். தட்டு தேய்ந்ததா, லோடு தவறா என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவு செய்யலாம். எடைக்குப் போட்ட தட்டு திரும்பி வராது.