நால்வர் இசைக்குப் படியளப்போர்

மேனாட்டுச் சங்கீதத்தில் ‘சேம்பர் மியூஸிக்’ என்று ஒரு பகுதி உண்டு. கூடத்துச் சங்கீதம் என்று நாம் சொல்லலாம். பெரிய மண்டபத்தில் ஏராளமான வாத்தியங்கள் சேர்ந்து முழங்கும் ‘ஸிம்பனி’ அல்ல அது. இரண்டு பிடில், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆக நான்கே வாத்தியங்கள் கொண்ட குழுதான் அதில் மிகவும் பிரசித்தமானது. நம் கச்சேரியில் பாடகர் பிரதானம், மற்றவர் பக்கவாத்தியம் என்று இருக்கிறதே, அந்த முறை அங்கே கிடையாது. நால்வரும் சமம். கேட்பவர்கள் அருகில் இருந்தால்தான் அதன் நயம் புலப்படும். கூட்டம் பெருகினால் சுகம் குறையும்.

இத்தகைய குழுக்களுக்கு அந்நாட்டு ரஸிகர்கள் டிக்கெட்டும் வாங்கி, அதற்கு மேல் நன்கொடையும் கொடுத்து வருகிறார்கள். ஆசனத்துக்குரிய பணத்தைக் கொடுத்த பிறகு மறுபடியும் எதற்குக் கொடை? நியாயமான கேள்விதான்.

பள்ளிக்கூடத்தில் நாம் பிள்ளைகளுக்கு வேலைக் கணக்குப் போடுகிறோம். நான்கு ஆட்கள் ஆறு நாளில் வெட்டும் கிணற்றை எட்டு ஆட்கள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? மூன்று நாள் என்று கடைசிப் பெஞ்சுப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் 1806-ம் வருஷத்தில் பீத்தோவன் நால்வருக்கென்று இயற்றிய மூன்று உருப்படிகளில் முதலாவதை எடுத்துக் கொள்ளுங்கள். அதை வாசிக்க ஏறக்குறைய நாற்பது நிமிஷம் பிடிக்கும். அன்றும் நால்வர், நாற்பது நிமிஷம்; இன்றும் அப்படியே. எட்டுப் பேரை உட்கார வைத்து இருபது நிமிஷத்தில் முடித்துவிட முடியாது! அதே காலத்தில் ஒரு கெஜம் துணி நெய்ய ஆன நேரமோ யந்திரத்தால் எவ்வளவோ சுருங்கிவிட்டது.

வில்லியம் பௌமல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் 1966-ல் இதை விளக்கி ஒரு நூல் எழுதினார்கள். மற்றத் தொழில்களில் உற்பத்தி பெருகுவதால் கூலியும் உயர்கிறது. பிடில்காரரும் அதே கடையில்தானே ரொட்டி வாங்க வேண்டும்? அவருடைய ஊதியமும் உயரத்தான் வேண்டும். அவருடைய உற்பத்தியோ உயர வழியில்லை. ஆகவே வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி வருஷத்துக்கு வருஷம் அகலுகிறது. டிக்கெட் விலையை ஏற்றிக்கொண்டே போனால் தனவந்தர்கள் மாத்திரமே கேட்பார்கள். மண்டபத்தைப் பெரிதாக்கினால் அது கூடத்துச் சங்கீதமாகவே இராது. மேடையில் நாம் காணும் நாற்பது நிமிஷத்துக்குப் பின்னால் எத்தனை நாள் ஒத்திகை இருக்கிறதென்பதை டிக்கெட் விலை காட்டுவதில்லை. நன்கொடையாளர் விலைக்கு வாங்குவது அந்த ஒத்திகை நேரத்தைத்தான்.

பூர்வத்தில் இதைப் பிரபுக்கள் செய்தார்கள். மேற்சொன்ன மூன்று உருப்படிகளையும் இயற்றச் செய்தவர் வியன்னாவில் ருஷ்யத் தூதராயிருந்த ரஸூமோவ்ஸ்கி பிரபு. அவரே பிடில் வாசிப்பவர். 1808-ல் ஷுப்பன்ஸிக் என்ற வித்வானின் தலைமையில் ஒரு நால்வர் குழுவைத் தம் செலவில் அமர்த்திக் கொண்டார். 1814 டிஸம்பர் 31-ந் தேதி இரவு அவருடைய அரண்மனை தீப்பற்றி எரிந்தது. 1816-ல் குழு கலைந்தது. ஒரே தூணில் நிற்கும் வீட்டின் கதி அதுதான்.

இந்த அபாயத்தை உணர்ந்து நடந்தவர் எலிஸபெத் ஸ்பிரேக் கூலிட்ஜ் என்ற அமெரிக்க அம்மையார். சிகாகோ மொத்த மளிகை வியாபாரியின் மகள். நல்ல பியானோ பயிற்சி உள்ளவர். 1915, 1916 ஆகிய இரு வருஷங்களுக்குள் தந்தை, கணவர், தாய் மூவரையும் இழந்தார். பெருஞ் சொத்து கைக்கு வந்தது. அச்சமயத்தில் ஹூகோ கோர்ட்சாக் என்ற பிடில் வித்வான் தம் நால்வர் குழுவை ஆதரிக்கும்படி எழுதிக் கேட்டார். அம்மையார் இசைந்தார். 1918-ல் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்துப் பிட்ஸ்பீல்டில் உற்சவமும் தொடங்கினார். அத்துடன் நின்றிருந்தால் அவரும் ஒரு தூணாகவே இருந்திருப்பார். 1925-ல் வாஷிங்டன் காங்கிரஸ் நூல் நிலையத்தில் சுமார் ஐந்நூறு பேர் அமரும் மண்டபம் ஒன்று கட்டக் கொடுத்து, ஒரு மூலதன நிதியையும் அங்கேயே ஒப்படைத்தார். 1953-ல் அவர் காலமான பின்பும் அந்த நிதி வேலை செய்து வருகிறது. பார்டோக்கின் ஐந்தாவது நால்வர் உருப்படியும், ஷோன்பர்க்கின் மூன்றாவதும் நான்காவதும் அவருடைய ஆதரவில் பிறந்தவை. ஜனங்கள் எளிதில் ரஸிக்கும் சங்கீதமா அது? இல்லை. சந்தையை மட்டும் நம்பியிருந்தால் அவை பிறந்தே இரா. இவ்வளவும் செய்த அம்மையாருக்கு நாளடைவில் காது மந்தமாகிவிட்டது என்பதை நினைக்கும்போது நம் உள்ளம் உருகுகிறது.

பசித்தவனுக்குச் சோறிடாமல் பிடிலுக்குப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. இப்படிக் கேட்பவர்களில் எத்தனை பேர் சோறிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இக்காலத்தில் ஒரு சீமாட்டியின் இடத்தில் அநேகர் நிற்கிறார்கள். லண்டனிலுள்ள விக்மோர் ஹால் 1901-ல் திறக்கப்பட்டது. சுமார் 550 ஆசனங்கள். 2026 முதல் கலை மன்றத்தின் அரசாங்க மானியம் வேண்டாம் என்று அது 2025-ல் அறிவித்தது. அதற்குள் ஒரு கோடி பவுன் வரை அன்பர்கள் வாக்களித்திருந்தார்கள். கேட்க மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இதையே சாக்காக வைத்து அரசாங்கம் கையை உதறிக்கொள்ளுமோ என்ற அச்சமும் நமக்கு எழாமலில்லை. விக்மோர் ஹாலுக்கு லண்டன் மாநகரமே பக்கத்தில் இருக்கிறது. சிற்றூர்களைச் சுற்றி வரும் குழுக்களுக்கு அப்படிப்பட்ட அன்பர்கள் எளிதில் அகப்படுவதில்லை.