மீண்டும் மீண்டும் வரும் கேள்வி

பாடசாலை ஆண்டு மலருக்காகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கட்டுரையை இன்னொரு கணினியில் திறந்து, தமிழ் போன இடந் தெரியாமல் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் இறைந்துகிடக்கக் கண்டவர், இதற்குப் பரிகாரம் யாது என்று தமிழ்க் கணிமை ஆர்வலர்களிடம் வினவுவது பல்லாண்டு காலமாக நடந்துவருகிற விஷயம். தேடிப்பாராமற் கேட்கிறார் என்று அவரைக் கடிந்துகொள்வது சுலபம். எழுத்துக்களைக் கணினி பதிந்துவைக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர்; அந்தப் பெயரையே கேள்விப்படாதவர் எதைச் சொல்லித் தேடுவார்? “எழுத்தெல்லாம் குழம்பிப் போச்சு” என்பதுதான் அவரிடமுள்ள வாசகம்.

பாமினி, ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு. ஆகையால் அதில் அடித்த ‘அம்மா’, கணினியின் நினைவில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகிறது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்துமே வெளிப்பட்டு நிற்கின்றன. 1991இல் வெளிவந்த ஒருங்குறி தமிழுக்கென்று தனி இடங்களை ஒதுக்கியபடியால், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றியொன்றில் இட்டு எடுத்தால் கட்டுரை பிழைத்துவிடும். ஆனால் எழுத்துக்கள் கட்டங்கட்டமாகத் தெரிகின்றன என்று முறையிடுபவரிடம் இருப்பது பெரும்பாலும் ஒருங்குறியிலேயே அமைந்த பிரதி; அவருக்கு வேண்டியது தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவுவது மாத்திரமே. இரண்டையும் ஒரே கேள்வியாக எண்ணிப் பழைய விடையை நீட்டுபவர், உபகாரம் என்று கருதி அந்த மனிதரின் சிரமத்தை இரட்டிப்பாக்குகிறார்.

2008இல் தோன்றிய, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, திரும்ப வந்த கேள்வியை மூடி முந்தியதோடு இணைத்துவிட்டு, அதே சொற்களால் நாளை தேடி வருபவருக்கு வழிகாட்டட்டும் என்று பலவற்றை அழிக்காமல் விட்டுவைக்கிறது. ஏற்பாடு சிறந்ததே, ஆயினும் விளக்கமின்றிக் கதவடைக்கப்பட்ட புதியவர் மறுபடி வருவது அபூர்வம். 2003இல் ஆரம்பித்த தமிழ் விக்கிப்பீடியா, புதியவர்கள் தயக்கமின்றிக் கேட்பதற்கென்றே ‘ஒத்தாசைப் பக்கம்’ ஒன்றை வைத்திருக்கிறது. அந்த மனோபாவம் எனக்கு மிகவும் உவப்பானது.

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்துக்கும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவுக்கும் வருடந்தோறும் புதிய மாணவர் வருகின்றனர். ஆதலால் பழைய சந்தேகங்களும் அவர்களோடு புதிதாக வந்தே தீரும். குழம்பிய எழுத்தின் படத்தை முதலில் காட்டி, கேட்பவரின் பேச்சுமொழியிலேயே தலைப்பிட்டு, எழுதிய தேதியையும் குறித்து ஒரு விடையைச் செவ்வையாக எழுதி வைப்பதும், மென்பொருள் மாறுந்தோறும் அதைத் திருத்தும் பொறுப்பை ஒருவர் ஏற்பதும், அங்கே படித்துத் தேறியவர்கள் இப்போதே செய்யக்கூடிய காரியங்கள்.