களரியில் பழகிய தமிழ்

அந்தக் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பிள்ளைகளுக்குத் தமிழ் வந்த வழி இரண்டு. ஒன்று திண்ணைப் பள்ளி. மணலில் எழுதி, ஆத்திசூடியைப் பொருள் விளங்காமலே ஒப்புவிக்க வேண்டும், பிசகினால் பிரம்பு. மற்றது கூத்துக்களரி.

களரியில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அவரவர் பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுப்பார். சட்டம் கொடுத்தல் என்பார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவன் கேட்டே பாடமாக்குவான். முதலில் மத்தளத்துக்குத் தாளக்கட்டை வாயால் சொல்லவேண்டும், பிறகு காலில் அடி பிடிக்கவேண்டும், அதன் பிறகுதான் தரு என்னும் பாட்டும் வசனமும். மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அரங்கேற்றம். பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்களும் அடுத்த நாள் வளவுக்குள் அதே அடியைப் போட்டு அருச்சுனனாகிவிடுவார்கள். அந்த வயதில் எத்தனை விருத்தம் மனதில் தங்கியது! அடித்துச் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல அது. ஆனால் பள்ளிக்கூடம் நெடுங்காலம் களரியைப் படிப்பாகவே எண்ணவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1999இல் இலங்கையெங்கும் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம், ஆரம்ப வகுப்புகளுக்குள் விளையாட்டைக் கொண்டுவந்தது. ஆங்கிலமும் தரம் ஒன்றிலேயே வாய்ப்பேச்சாகத் தொடங்கியது. வகுப்புக்குள் சந்தை கூடுகிறது. ஒருத்தி கச்சான் விற்கிறாள், ஒருவன் "ஹவ் மச்?" என்று விலை கேட்கிறான். காசு வெறும் கடதாசித் துண்டு. ஆனால் கேள்வி உண்மையானது, பதில் சொல்லியே ஆகவேண்டும். அதனால்தான் அந்தச் சொல் நிற்கிறது. மட்டக்களப்பின் பேராசிரியர் சி. மௌனகுரு 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற சிறுவர் நாடகங்களை எழுதித் தந்திருக்கிறார். சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் ஊரவரோடு கூடிக் கூத்தை மீளுருவாக்கியபோது சிறுவரும் ஆடினார்கள்.

ஆனாலும் தரம் நான்கு வந்ததும் சந்தை கலைந்துவிடுகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக மாதிரி வினாத்தாளும் ரியூசனும் பிள்ளையின் மாலைப்பொழுதை எடுத்துக்கொள்கின்றன. கூத்து பாடசாலைக்குள் வருவது பெரும்பாலும் தமிழ்மொழித்தினப் போட்டிக்குத்தான். அதுவும் தெரிவான சிலருக்கு மட்டும். நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளையே அங்கும் ஆடுகிறது. வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்குத்தானே களரி முதலில் வேண்டும்?

அதிபர்களே, ஊரில் இன்னும் அண்ணாவிமார் இருக்கிறார்கள். கிழமையில் ஒரு பாடவேளைக்கு அவர்களை அழையுங்கள். வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் ஆடவிடுங்கள்.