உஷார்! கூடுதல் வட்டிக்குப் பின்னால் மூன்றாம் நிலை

எங்கள் ஒழுங்கை அக்கா இரத்மலானைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் தைத்து ஓய்வு பெற்றவர். ஈ.பி.எஃப் காசு முழுவதையும் ஒரே நிதிக் கம்பனியில் நிலையான வைப்பாகப் போடப்போகிறார். வங்கிகளைவிட மூன்று வீதம் கூடுதல் வட்டியாம். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வட்டி எங்கிருந்து வருகிறது? வைப்பாளருக்கு 8 ரூபா கொடுத்து, கடன்காரரிடம் 12 ரூபா வாங்கினால் நூறு ரூபாவுக்கு மிஞ்சுவது 4 ரூபா. சம்பளமும் வாடகையும் வரியும் அதற்குள்தான். நூறு ரூபாக் கடன் ஒன்று முழுதாக மூழ்கினால், அதை அடைக்க ஒழுங்காகக் கட்டும் 25 கடன்களின் மிச்சம் வேண்டும். கடன் திரும்பி வராவிட்டாலும் வைப்பாளருக்கு வட்டி நிற்காது. போதாததற்கு, வரப்போகும் நட்டத்துக்கென்று லாபத்திலிருந்து முன்கூட்டியே ஒதுக்கவும் வேண்டும். கையைக் கடிக்கும்போது புது வைப்பை இழுக்க வட்டியைக் கூட்டுவார்கள். எல்லாரும் அப்படியல்ல. ஆனால் கூடுதல் வட்டியைக் கண்டால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. கடன் வட்டியும் கூடவே ஏற, தவணை கட்ட முடியாமல் பட்டறைகள் தடுமாறின. 2023 முடிவில் வங்கிகள் கொடுத்திருந்த ஒவ்வொரு நூறு ரூபாவிலும் 12 ரூபாவுக்கு மேல் 'மூன்றாம் நிலை', அதாவது அறவிடுவதே சந்தேகமான கடன். வங்கிகளுக்கே இந்த நிலை!

2008இல் செலிங்கோ குழுமம் ஆட்டம் கண்டதிலிருந்து சரிந்துவந்த, அதே குழுமத்தின் 'த ஃபினான்ஸ்' நிதிக் கம்பனியின் உரிமத்தை 2020 மே 22இல் மத்திய வங்கி ரத்துச் செய்தது. வைப்புக் காப்புறுதி அன்று கொடுத்தது ஆளுக்கு ஆறு லட்சம் ரூபா வரைதான். பிறகு அந்த எல்லை 11 லட்சமானது. அதற்கு மேலிருப்பது உங்கள் துணிச்சல். உரிமம் இல்லாதவரிடம் போட்டால் அந்த 11 லட்சமும் கிடையாது.

கம்பனியின் நிதி அறிக்கை பத்திரிகையில் தமிழிலும் வருகிறது. லாபத்தை மட்டும் பார்க்காதீர்கள். கடன்களில் மூன்றாம் நிலை எத்தனை வீதம், அதில் எவ்வளவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். முதலாவது ஏறி, இரண்டாவது இறங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அக்கா வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறார். அதற்கு முன் அந்த அறிக்கையோடு அவர் வீட்டுக்குப் போகிறேன்.