பாகன் மொழியைக் கண்டறிந்தவர்கள்

கணிப்பொறித் திரையில் ஒரு பந்து உருண்டோடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையின் அகலம் 1920 புள்ளிகள், உயரம் 1080 புள்ளிகள். ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. பெருக்கிப் பாருங்கள்! ஒவ்வொரு நொடியும் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு மேல் நிறம் தீர்மானிக்கப்பட வேண்டும். இந்த வேலைக்கென்றே அமைந்ததுதான் வரைகலை அட்டை.

அட்டை பெரும் பலசாலி. ஆனால் யாராவது ஏவினால்தான் எதையும் செய்யும். கோயில் யானையைப் பாருங்கள். பாகன் ஒரு சொல் சொல்கிறார், யானை காலைத் தூக்குகிறது. அதே சொல்லை நீங்கள் தெரியாமல் மாற்றிச் சொன்னால் அது உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வரைகலை அட்டைக்கும் ஒரு பாகன் உண்டு. அதற்கு 'டிரைவர்' என்று பெயர். தமிழில் இயக்கி என்கிறோம். அட்டைக்குள் பதிவகங்கள் எனப்படும் ஏராளமான சிறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. ஓர் அறையில் குறிப்பிட்ட எண்ணை எழுதினால் விசிறி வேகமாகச் சுழலும். வேறோர் அறையில் எழுதினால் முக்கோணம் ஒன்று வரையப்படும். எந்த அறையில் எதை எழுதுவது என்பதே பாகன் மொழி.

இந்த மொழியை வெளியே சொல்லலாமா, கூடாதா? இதில்தான் சச்சரவு எழுந்தது.

1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய இயக்க முறைமை. (தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற ஒன்றும் இருந்ததை உங்கள் அண்ணனோ அக்காவோ சொல்லியிருக்கலாம். சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கிய அதுவும் லினக்ஸ்தான்.) இதன் உட்கருவாகிய கெர்னல் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. உள்ளே மாற்றம் நேரும்போது இயக்கிகளையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். மூலநிரல் கையில் இருந்தால் யாராவது திருத்திவிடுவார்கள். என்விடியா நிறுவனமோ தன் அட்டைகளுக்கான இயக்கியை மூடி முத்திரையிட்டே தந்தது. அதை அந்த நிறுவனம் மட்டுமே திருத்த முடியும்.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. போட்டியாளர்கள் பார்த்துவிடுவார்களே என்ற அச்சம் உண்டு. தவிர, அந்த மூடிய இயக்கி நல்ல வேகமானது. ஆனால் நிறுவனம் கைவிட்டால் என்ன ஆகும்? 2010-இல் வெளிவந்த 'ஃபெர்மி' வகை அட்டைகளுக்கான இயக்கிக்கு 2022 இறுதியோடு ஆதரவு நின்றது. அட்டையில் ஒரு டிரான்சிஸ்டர்கூடப் பழுதாகவில்லை. பாகன்தான் ஓய்வு பெற்றுவிட்டார். பழைய வால்வு ரேடியோக்கள் சிலவற்றின் பின்பலகையில் சுற்றுப்படத்தையே ஒட்டி அனுப்பினார்கள். பொருளை விற்றவர் அதன் குறிப்பேட்டையும் தருவதுதான் முறை என்பது என் கருத்து. 2007-இல் ஏ.எம்.டி. நிறுவனம் அப்படித்தான் தன் அட்டைகளின் விவரக் குறிப்புகளை வெளியிட முன்வந்தது.

என்விடியா தராதபோது, 2006-ஆம் ஆண்டு வாக்கில் சில தன்னார்வலர்கள் 'நூவோ' என்ற பெயரில் திறந்த இயக்கி ஒன்றை எழுதப் புறப்பட்டார்கள். பிரெஞ்சு மொழியில் 'புதிய' என்று பொருள். குறிப்பேடு இல்லை. யானை இருக்கிறது, வாய் திறந்து விளக்கம் சொல்லாத பாகனும் இருக்கிறார். என்ன செய்தார்கள்? பக்கத்தில் நின்று கவனித்தார்கள்!

பாயில் விதியைச் சோதிக்கும்போது வெப்பநிலையை மாறாமல் வைத்து, அழுத்தத்தை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? அதே முறைதான். முதலில் பதிவகங்களில் உள்ள எண்களைப் படித்து எழுதிக்கொள்வார்கள். பிறகு மூடிய இயக்கியைக் கொண்டே ஒரு சிறு வேலையைச் செய்ய வைப்பார்கள். ஒரு முக்கோணம் வரைவது போல. மறுபடி எண்களைப் படிப்பார்கள். எவை மாறின? முக்கோணத்தின் நிறத்தை மட்டும் மாற்றி மீண்டும் செய்தால், இப்போது மாறுவது நிறத்திற்குரிய எண்ணாக இருக்க வேண்டும். இதற்கான நிரலைப் பல நாட்டவர் தங்கள் அட்டைகளில் ஓட்டி, விடைகளை அனுப்பிவைத்தனர்.

இன்னொரு உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. அட்டையின் பதிவகங்கள் கணிப்பொறிக்கு நினைவகத்தின் சில பக்கங்களைப் போலவே தோன்றும். அந்தப் பக்கங்கள் 'இல்லை' என்று கெர்னல் பொய்யாகக் குறித்துவைக்கும். மூடிய இயக்கி வந்து தொட்டதும், இல்லாத பக்கத்தைத் தொட்டுவிட்டதாகச் செயலி திகைத்து நின்று கெர்னலிடம் முறையிடும். எந்த முகவரி, என்ன எண் என்று கெர்னல் குறித்துக்கொண்டு, அந்த ஒரு கட்டளை நிறைவேறும் வரை மட்டும் பக்கத்தைத் திறந்து காட்டி, உடனே மறைத்துவிடும். தன் ஒவ்வொரு சொல்லும் பதிவாவது பாகனுக்குத் தெரியவே தெரியாது! இந்த வசதி 2008-இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. 2010 பிப்ரவரியில் வெளியான 2.6.33 பதிப்பில் நூவோவும் இடம்பெற்றது. கைவிடப்பட்ட ஃபெர்மி அட்டைகளிலும் திரையில் படம் காட்ட இந்த இயக்கி கைகொடுக்கிறது.

ஆனால் வேகத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மின்சாரம் வந்ததும் அட்டை குறைந்த கடிகாரத் துடிப்பில்தான் விழிக்கும். துடிப்பைக் கூட்டினால் பல வேளைகளில் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். சில்லில் செலவாகும் திறன் ஏறக்குறைய துடிப்புக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். துடிப்பை இரு மடங்காக்கி, மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் திறன் 2.42 மடங்கு! விசிறியும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். கணக்கு தவறினால் அட்டை செயலற்று நிற்கும். வெப்பத்தில் கெடவும் கூடும். ஆகவே நூவோ இதில் மெல்ல மெல்லத்தான் முன்னேறியது.

2014 இறுதியில் அந்த வழியும் அடைபட்டது. அப்போது முதல் வந்த என்விடியா அட்டைகள், துடிப்பையும் விசிறியையும் ஆளும் உள்நிரலில் நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் இருந்தால்தான் அதை ஏற்கும். மொழி தெரிந்திருந்தும் பயனில்லை. யானை குரலையே அடையாளம் பார்க்கத் தொடங்கிவிட்டது.

2022 மே மாதம் ஒரு திருப்பம். 2018-இல் வந்த 'டூரிங்' வகையும் அதற்குப் பிந்தியவையுமான அட்டைகளுக்கு, இயக்கியின் கெர்னல் பகுதியை என்விடியா திறந்து வெளியிட்டது. முழுவதும் அல்ல. இந்த அட்டைகளுக்குள் தனியாக ஒரு சிறு செயலி உண்டு. முன்பு இயக்கி செய்த வேலைகளில் பலவற்றை அதன் உள்நிரல் ஏற்றுக்கொண்டது. அது மூடியே இருக்கிறது. யானையின் காதுக்குள் ஒரு குட்டிப் பாகனை உட்கார வைத்துவிட்டு, வெளியே இருப்பவரைப் பேசவிட்டார்கள் எனலாம். இருந்தாலும் நன்மை பெரிது. 2024 ஜனவரியில் வந்த 6.7 கெர்னல் முதல், நூவோ அந்தக் குட்டிப் பாகனிடமே வேலையை ஒப்படைத்து முழுத் துடிப்பைப் பெற முடிகிறது.

நடுவில் அகப்பட்டவை 2014 இறுதி முதல் 2017 வரை வந்த அட்டைகள். கையொப்பப் பூட்டு அவற்றில் உண்டு. குட்டிப் பாகன் கிடையாது. தன் இயக்கியின் 580-ஆம் வரிசையே இவற்றுக்குக் கடைசி என்று என்விடியா 2025-இல் அறிவித்துவிட்டது. நூவோவைக் கொண்டு அவற்றில் திரை தெரியும், எழுத்துத் தெரியும், படமும் ஓடும். துடிப்பு மட்டும் விழித்தெழுந்த அந்தக் குறைந்த அளவிலேயே நிற்கும்.