பழைய பைக்கில் பெட்ரோல் ஒழுகுகிறதா? எங்கிருந்து என்று கண்டுபிடிப்பது எப்படி?

கார்புரேட்டர் உள்ள பழைய பைக்கின் கீழே பெட்ரோல் சொட்டினால், 'ஓட்டிட்டே போய் மெக்கானிக்கிட்ட காட்டிக்கலாம்' என்று கிளம்பிவிடாதீர்கள். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஒரு தீப்பொறி போதும்.

முதலில் வண்டியைக் காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளிச் சென்று, இன்ஜினை ஆறவிடுங்கள். டேங்குக்குக் கீழே உள்ள பெட்ரோல் காக்கை (ஆன், ரிசர்வ் என்று திருப்புவோமே, அதுதான்) 'ஆஃப்' செய்யுங்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டுச் சில நிமிடங்கள் பாருங்கள்.

சொட்டுவது நிற்கவில்லையா? கோளாறு டேங்கில் அல்லது காக்கில்.

நின்றுவிட்டதா? டியூபைப் பாருங்கள். விறைத்து, வெடிப்பு விட்டிருந்தால் டியூபையும் கிளிப்பையும் மாற்றினால் போதும். டியூப் நன்றாக இருந்தால், சந்தேகம் கார்புரேட்டர் மீதுதான். அதற்குள் மிதவை மேலே வந்ததும் ஊசி வால்வு பெட்ரோலை அடைக்க வேண்டும். அதில் தூசி சிக்கினாலோ, முனை தேய்ந்தாலோ பெட்ரோல் வழியும். தூசி என்றால் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

வழியும் பெட்ரோல் சில நேரம் இன்ஜினுக்குள்ளும் இறங்கும். ஆயில் அளவு கூடியிருந்தாலோ, அதில் பெட்ரோல் வாசனை வந்தாலோ, ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் இன்ஜினையே தேய்த்துவிடும்.